எங்களையும் கூப்பிடுங்கள், அதிபர் அவர்களே

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும், தரம் 5 ஆசிரியர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றின் நிருவாகத்தினருக்கும்,

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு தொடர்பான கூட்டத்துக்கு, வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் வரவேண்டும் என்று வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் போட்டிருந்தீர்கள். "ஏனைய பெற்றோர் சமுகமளிக்கத் தேவையில்லை" என்பது அதன் கடைசி வரி. அந்த ஏனைய பெற்றோரில் நானும் ஒருத்தி. கூட்டம் நடந்து முடிந்துவிட்டது. கௌரவிப்பு விழா எப்படி நடக்கும், வாசலில் கட்டும் பதாகையில் யார் யாருடைய படம் வரும், வரும் ஆண்டு தரம் 6 வகுப்புகளை எப்படிப் பிரிப்பது என்று மூன்று விடயங்களை அங்கே தீர்மானித்திருக்கிறீர்கள். மூன்றுமே எங்கள் பிள்ளைகளையும் சேர்ந்தவை. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்துவிட்டு, விழாச் செலவுக்கு ஆளுக்கு 1,000 ரூபா தரும்படி மட்டும் எல்லாப் பெற்றோரிடமும் கேட்டிருக்கிறீர்கள். கூட்டத்துக்குத் தேவைப்படாத நாங்கள் காசுக்குத் தேவைப்பட்டிருக்கிறோம்.

என் மகள் எடுத்தது 200க்கு 119. இனி அதை மறைக்கவும் வழியில்லை. பெறுபேறு வந்த மறுநாள் காலையிலேயே முப்பத்தாறு பிள்ளைகளின் பெயரையும் புள்ளியையும் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தி, மேலே பச்சை, கீழே சிவப்பு என்று நிறமும் தீட்டி, அதே குழுவில் போட்டுவிட்டீர்கள். ஒரு தாய் தன் மாமியார் வீட்டுக்குப் புள்ளியைக் கூட்டிச் சொல்லி வைத்திருந்தா. பொய்தான். பிள்ளைக்கு இரண்டு நாளைக்காவது ஏச்சு விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்ன பொய். உங்கள் பட்டியல் அன்று மத்தியானமே மாமியாரின் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வீட்டில் பிறகு நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பிள்ளை எத்தனை நாள் பாடசாலைக்கு வரவில்லை என்பது உங்கள் வரவு இடாப்பில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

நான் இந்தப் பரீட்சையை ஒழிக்கச் சொல்லி எழுதவில்லை. அது கல்வி அமைச்சோடு பேசவேண்டிய கதை. ஆட்சி மாறும்போதெல்லாம் யாராவது பேசுகிறார்கள், பிறகு பேச்சு அடங்கிவிடுகிறது. 1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் கொண்டுவந்த காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளையும் நல்ல பாடசாலையில் படிக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் புலமைப்பரிசில் தொடங்கியது. இன்றைக்கும் அதற்கு இரண்டே வேலை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாமாதம் உதவிப்பணம் கொடுப்பது ஒன்று. அந்தப் பணம் 750 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்ததே 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான். வசதி குறைந்த பாடசாலையிலோ, ஆரம்பப் பிரிவு மட்டும் உள்ள பாடசாலையிலோ படிக்கும் பிள்ளைக்குத் தரம் 6இல் வேறு பாடசாலையில் இடம் கொடுப்பது மற்றது.

எங்கள் பாடசாலை தரம் 1இலிருந்து 13 வரை உள்ளது. இங்கே படிக்கும் பிள்ளை 190 எடுத்தாலும் 90 எடுத்தாலும் அடுத்த ஆண்டு இதே வாசலால்தான் தரம் 6க்குப் போகும். வேறு பாடசாலைக்கு மாற நினைக்கும் சில குடும்பங்களையும், உதவிப்பணம் கட்டாயம் தேவைப்படும் குடும்பங்களையும் விட்டால், மற்ற எவருக்கும் இந்தப் பெறுபேற்றால் மாறப்போவது ஒன்றுமில்லை. இதை நீங்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெற்றோர் முன்னால் எழுந்து நின்று சொல்லியிருந்தால் அன்றிரவு எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கும்.

நீங்கள் சொல்லவில்லை. சொல்லாததால் என்ன நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன்.

உங்கள் பட்டியலின் அடிப்பகுதியில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே 58 என்று இருக்கிறது. அவனுடைய தாய் தோட்ட வேலைக்குப் போகிறவ. வட்ஸ்அப் உள்ள போன் அவவிடம் இல்லை. ஒரு பின்னேரம் எங்கள் படலைக்கு வந்தா. கையில் ஒரு துண்டுக் கடதாசி. கடையொன்றில் சுட்டெண்ணைக் கொடுத்து எடுத்த பிரதி. "பிள்ளை, இதில என்ன போட்டிருக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு" என்றா. பார்த்துச் சொன்னேன். அவ அழவில்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டு, "அப்ப இவனை ஆறாம் வகுப்புக்கு எடுப்பினமோ?" என்று கேட்டா.

எடுக்கத்தான் வேணும், மறிக்க ஒருவராலும் ஏலாது என்றேன். அவ நம்பவில்லை. "பெயிலெண்டால் மறிக்கமாட்டினமோ? பெடியன் இனிப் பள்ளிக்கூடம் வேண்டாமெண்டு நிக்கிறான். தகப்பனும் தன்னோட வேலைக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டுறார்" என்றா. இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம். அப்படியிருக்க, உங்கள் பாடசாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டில் பத்து வயதுப் பிள்ளையை மறிப்பது பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது. காரணம், இந்தப் பரீட்சையில் சித்தி பெறாதவனுக்குத் தரம் 6 இல்லை என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அப்படி நினைக்கும்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. வாசலில் பதாகை கட்டுவதற்குக் கம்பு நட்டதை அவர்கள் பார்த்தார்கள், அதிலிருந்து தாங்களாக விளங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பிள்ளையை இருத்தி அவன் கொப்பியைப் பார்த்தேன். கரும்பலகையைப் பார்த்து எழுதியது முத்துமுத்தாக இருந்தது. மூன்று வரிக் கணக்கொன்றை வாசிக்கச் சொன்னேன். முதல் வரியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். அதே கணக்கை நான் வாசித்துக் காட்டினேன். கடதாசி பென்சில் ஒன்றும் எடுக்காமல் மனதாலேயே விடை சொன்னான். சரியான விடை. இவனுக்குக் கணக்குத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஐந்து ஆண்டு உங்கள் வகுப்பறையில் இருந்திருக்கிறான். இது தரம் 2இல், பிந்தினால் தரம் 3இல் பிடிபட்டிருக்கவேண்டிய விடயம். அங்கே பிடிபடாதது இந்தப் பரீட்சையில் பிடிபட்டது. பிடிபட்ட பிறகும் நாங்கள் செய்தது, பெயருக்குச் சிவப்பு நிறம் அடித்தது மட்டும்.

உள்ளதைச் சொன்னால், என் மகளின் 119ஐ விட அந்த 58தான் இந்த மடலை எழுத வைத்தது.

நாடு முழுவதற்குமான கணக்கையும் ஒருமுறை பாருங்கள். 2024 பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளைகள் ஏறத்தாழ 3 இலட்சத்து 19 ஆயிரம். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் 51 ஆயிரம் சொச்சம். அதாவது, ஆறு பேருக்கு ஒருவர். 70 புள்ளியும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் 2 இலட்சத்து 44 ஆயிரம். மிஞ்சிய 75 ஆயிரம் பிள்ளைகள் 200க்கு 70 கூட எடுக்கவில்லை. ஒரு பாடசாலை கவலைப்பட வேண்டியது இந்தக் கடைசித் தொகையைப் பற்றித்தான் என்பது என் அபிப்பிராயம். எங்கள் வகுப்பிலும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோரில் ஒருவரையாவது அழைத்துப் பேசினீர்களா என்று விசாரித்தேன். ஒருவரையும் இல்லை.

வெட்டுப்புள்ளி என்பதே என்ன என்று பெற்றோருக்கு விளக்கவேண்டியதும் நீங்கள்தான். அது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறு, ஆண்டுக்கு ஆண்டு வேறு. உதவிப்பணத்தைப் பங்கிடுவதற்காக அரசாங்கம் இழுக்கிற கோடு அது. ஒரே புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று இந்த மாவட்டத்தில் கோட்டுக்குக் கீழேயும் மற்றது பக்கத்து மாவட்டத்தில் கோட்டுக்கு மேலேயும் நிற்கலாம். 2024 செப்டெம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு வந்தது அந்த ஆண்டின் கடைசி நாளில். அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுத்து, 2025 ஜனவரியில்தான் பெறுபேறு வெளியிட்டார்கள். பிள்ளைகள் நாலு மாதம் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவனைக் கெட்டிக்காரன் என்றும் அந்தப் பக்கம் நிற்பவனை உதவாதவன் என்றும் பிரிக்கும் வேலையை அரசாங்கம் செய்யவில்லை. அதை எங்கள் ஊர்களில் நாங்கள்தான் செய்கிறோம். பாடசாலை முன்னுக்கு நின்று செய்கிறது.

பெற்றோர் சும்மா இருக்கிறோம் என்று நான் சொல்ல வரவில்லை. "உனக்கு எவ்வளவு செலவழிச்சன் தெரியுமே" என்று பிள்ளையிடம் கணக்குக் கேட்கிற தகப்பன்மார் எங்களுக்குள் இருக்கிறார்கள். பரீட்சை முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வந்த பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுப்பதற்கு முதல் "அந்தக் கோலத்துக்கு என்ன விடை எழுதினனி?" என்று கேட்ட தாய்மாரும் இருக்கிறார்கள். ஆனால் பெறுபேறு வந்த பிறகு ஒரு வீடு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதை நீங்கள் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் முதல் அழைப்பு கனடாவிலிருந்து வந்தது. "எத்தினை?" என்றார்கள். சொன்னேன். "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார்கள். இரண்டாவது பரவாயில்லை முதலாவதைவிடச் சத்தம் குறைவாக இருந்தது. பிறகு லண்டன், பிறகு கொழும்பு, பிறகு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவ. மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, இன்னும் எத்தினை பேருக்குச் சொல்லோணும்?" என்று கேட்டாள். சலித்துப்போய்க் கேட்டாளா, பயந்து கேட்டாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அன்றிலிருந்து எனக்குத் தேவைப்பட்டது ஆறுதல் வார்த்தை அல்ல, தகவல். 119 என்றால் என்ன? எந்த வினாத்தாளில் குறைந்திருக்கிறது? மொழியிலா, கணிதத்திலா, நேரம் போதாமலா? மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிப்பதில் பயன் உண்டா? தரம் 6இல் பாடங்கள் கூடுகின்றன, பாடத்துக்கொரு ஆசிரியர் வருகிறார், இவள் அதற்கு ஆயத்தமா? ஐந்து ஆண்டாக அவளைத் தெரிந்த வகுப்பாசிரியை பத்து நிமிடம் ஒதுக்கினால் இவ்வளவையும் சொல்லிவிடலாம். ரீச்சருக்குப் போன் எடுத்தேன். "விழா வேலையா நிக்கிறன், பிறகு கதைப்பமே" என்றா. அவவில் எனக்குக் கோபமில்லை. அவவுக்கு யார் அந்த வேலையைக் கொடுத்தார்களோ அவர்களிடம்தான் கேட்கிறேன்.

எங்களைத் தேடிவந்து பேசியது யார் தெரியுமா? ரியூசன் நிலையம். பெறுபேறு வந்து ஒரு கிழமை ஆவதற்கு முன் அழைப்பு வந்துவிட்டது. "கொலசிப்பில விட்டதை ஆறாம் ஆண்டிலயே பிடிக்கலாம் அக்கா" என்று தொடங்கி, விசேட வகுப்புக்குக் கட்டணமும் சொல்லி முடித்தார்கள். பாடசாலை பேசாமல் விட்ட இடத்தில் அவர்கள் வந்து பேசுகிறார்கள். சந்தியில் கட்டியிருக்கும் அவர்களுடைய பதாகைகளையும் பாருங்கள். ஒரே பிள்ளையின் படம் மூன்று நிலையங்களின் பதாகையில் இருக்கிறது. நாலாவதாக எங்கள் பாடசாலையின் பதாகையிலும் வரப்போகிறது. அந்தப் பிள்ளையைப் படிப்பித்தது யார் என்று அவர்கள் நாலு பேரும் கூடி முடிவெடுக்கட்டும். அந்தப் பிள்ளையைக் கேட்டால் "விடியக்காலம அம்மாதான்" என்று சொல்லக்கூடும்.

இந்த வகுப்பில் படித்த எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாட்டைத்தான் பட்டார்கள். விடியக் காலை ஆறரைக்கு மேலதிக வகுப்பு. பாடசாலை முடிய நாலு மணி வரை மாதிரி வினாத்தாள். தரம் 4 நடுப்பகுதியிலிருந்து சித்திரமும் சங்கீதமும் நேரசூசியில் மட்டும் இருந்தன. விளையாட்டுப் போட்டிக்கும் இவர்களை விடவில்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு இவ்வளவு பாட்டுக்கும் ஒரு கேடயம் கிடைக்கிறது. தாண்டாத பிள்ளை அந்த மண்டபத்தில் இருந்து கைதட்டவேண்டும். பாண்ட் வாத்தியத்தில் வாசிக்கும் பிள்ளைகளிலும் கோட்டுக்குக் கீழே நின்றவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தோழர்களை வாத்தியம் முழங்க மேடை வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு அவர்கள் திரும்பிவர வேண்டுமாம். இதை ஒழுங்குபடுத்தியவர்கள் ஒருமுறை நின்று யோசித்தார்களா?

எல்லாவற்றிலும் பாரதூரமானது தரம் 6 வகுப்புப் பிரிப்பு. புள்ளி வரிசையில் 6ஏ, 6பி, 6சி. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பெயர்போன ஆசிரியர்கள் யாருக்குப் போவார்கள் என்று கேட்கத் தேவையில்லை. எல்லாருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுதிய இரண்டு வினாத்தாளை வைத்து, சாதாரணதரம் வரையான ஆறு ஆண்டுகளைப் பங்கிடப் போகிறீர்கள். அன்று காய்ச்சலோடு வந்து எழுதிய பிள்ளையும் உண்டு. 6சியில் இருக்கும் பிள்ளைக்குத் தான் ஏன் அங்கே இருக்கிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். அந்த வகுப்புக்குள் நுழைகிற ஆசிரியருக்கும் தெரியும். பிறகு அந்தப் பிள்ளை படிக்கவில்லை என்று யாரிடம் போய் முறைப்படுவது? உதவிப்பணத்துக்கும் பாடசாலை மாறுவதற்குமாக எடுத்த புள்ளியை உள்ளே வகுப்புப் பிரிக்கப் பயன்படுத்தும்படி எந்தச் சுற்றறிக்கை சொல்கிறது என்று அறிய விரும்புகிறேன். இருந்தால் காட்டுங்கள்.

உங்களுக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்தில் "உங்கட பாடசாலை எத்தினை வீதம்?" என்றுதான் கேட்கிறார்கள். வீதம் குறைந்தால் அடுத்த ஆண்டு தரம் 1க்குப் பிள்ளை சேர்க்க ஆட்கள் யோசிப்பார்கள், தரம் 5 ரீச்சரின் பெயர் அடிபடும், பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து கேள்வி கேட்பார்கள். அந்த நெருக்குதல் உண்மைதான். ஆனால் மேலேயிருந்து உங்கள் மேசைக்கு வருகிற சுமையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கிவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. வலயத்தில் வீதம் கேட்கிறவர்களிடம், 70க்குக் கீழே எடுத்தவர்களுக்கு வலயம் என்ன செய்யப்போகிறது என்று ஒருமுறை நீங்கள் திருப்பிக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் உங்கள் பின்னால் கையெழுத்து வைக்கப் பெற்றோர் இருக்கிறோம்.

வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின் சந்தோசத்தில் நாங்கள் மண் அள்ளிப் போடவில்லை. அவர்கள் பட்ட பாட்டுக்கு அந்தச் சந்தோசம் வேண்டும். என் மகளின் உற்ற சிநேகிதி 150க்கு மேல் எடுத்தவள். இரண்டு பேரும் முந்தினமாதிரியே ஒரே சைக்கிளில் போய்வருகிறார்கள். வகுப்பைப் பிரித்தால் அவர்களும் பிரிவார்கள். உங்களுக்கும் இது சம்மதமா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் கோரிக்கைகள். முதலாவது, வட்ஸ்அப் குழுவில் போட்ட புள்ளிப் பட்டியலை அகற்றுங்கள். இனி எந்த ஆண்டிலும் ஒரு பிள்ளையின் புள்ளியை அந்தப் பிள்ளையின் பெற்றோரைத் தவிர வேறு எவருக்கும் அனுப்புவதில்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். பதாகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று அறிகிறேன். அதை நிறுத்துங்கள். கட்டியே ஆகவேண்டும் என்றால் படமும் புள்ளியும் இல்லாமல், தரம் 5 பிள்ளைகள் அனைவருக்கும் வாழ்த்து என்று கட்டுங்கள். விழாவையும் ஆரம்பப் பிரிவை முடித்துப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்குமான விழாவாக மாற்றுங்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களுக்குக் கேடயம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்கப்பட வேண்டும். அப்படி நடந்தால் என் 1,000 ரூபாயைச் சந்தோசமாகத் தருவேன். இப்போதுள்ள ஒழுங்கில் தரமாட்டேன்.

தரம் 6 வகுப்புகளைப் புலமைப்பரிசில் புள்ளியை வைத்துப் பிரிக்கும் முடிவைக் கைவிடுங்கள். எல்லா வகுப்பிலும் எல்லா மட்டப் பிள்ளைகளும் கலந்திருக்கட்டும். பாட ஆசிரியர்களையும் அதுபோலவே பங்கிடுங்கள்.

இந்தத் தவணை முடிவதற்குள் தரம் 5 பெற்றோர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து வகுப்பாசிரியை பேசவேண்டும். பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை, வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யாமல் விடலாம் என்பவைதான் எங்களுக்குத் தேவை. 70க்குக் கீழே எடுத்த பிள்ளைகளின் பெற்றோரிலிருந்து தொடங்குங்கள். அவர்களில் சிலரிடம் வட்ஸ்அப் இல்லை, சிலருக்கு வாசிப்பதும் கஷ்டம். ஆகவே அறிவித்தலோடு நிறுத்தாமல் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லுங்கள். அந்த வீடுகளில் முதலில் சொல்லவேண்டிய வசனம், உங்கள் பிள்ளைக்குத் தரம் 6இல் இடம் இருக்கிறது என்பது. பகல் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை ஒன்றை ஒதுக்குங்கள்.

பழைய மாணவர் சங்கத்தினருக்கு ஒரு கோரிக்கை. பதாகைக்கும் கேடயத்துக்கும் நீங்கள் ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தரம் 6 முதல் தவணையில் பின்னேர வகுப்பு நடத்துவதற்குத் திருப்புங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர் இந்த ஊரிலேயே ஆயத்தமாக இருக்கிறார்கள். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்த மடலுக்கு அதிபர் அவர்களின் எழுத்து மூலமான பதிலை விழாத் திகதிக்கு ஒரு கிழமை முன்னதாக எதிர்பார்க்கிறேன். அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, தரம் 5 பெற்றோர் எல்லாரையும் அழையுங்கள். பதில் கிடைக்காவிட்டால் இதே மடலை, கையெழுத்து வைக்கச் சம்மதித்த மற்றப் பெற்றோரின் பெயர்களோடு, வலயக் கல்விப் பணிப்பாளரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

இங்ஙனம்,
தரம் 5 மாணவி ஒருத்தியின் தாய்